கட்டி இருக்கட்டும்

எந்திரங்களோடு பிழைக்கிறவர்களுக்கு நாளடைவில் ஒரு குணம் வந்து சேர்ந்துவிடுகிறது. பழுதான எந்திரத்தைக் கண்டு அவர்கள் பயப்படுவதில்லை. சத்தமில்லாமல் ஒழுங்காக ஓடுகிற எந்திரத்தைக் கண்டால்தான் அவர்களுக்கு நெஞ்சு படபடக்கும். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்த மனிதரும் அப்படிப்பட்டவர்தாம். அன்று சனிக்கிழமை மதியம், அவர் தம் வீட்டுச் சமையலறையில் ஒரு துண்டை விரித்து, நறுக்கிய காய்களை ஈரம் உலர அதன்மேல் பரப்பிவிட்டு, அவற்றையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். கத்தரிக்காய், கேரட், பூசணி, வெங்காயம் எல்லாம் அளவுகோல் வைத்து அறுத்தவை போல ஒரே கனத்தில் இருந்தன. எண்ணெய் தயார், மாவு தயார், ஐஸ் தண்ணீர் தயார். இதுவரைக்கும் எதுவும் தவறவில்லை. அதனாலேயே அவர் எல்லாவற்றையும் இன்னொரு முறை சரிபார்த்தார்.

நான்கு மணிக்கு அண்ணி வருவதாக இருந்தது. அண்ணி என்றால் அவர் மனைவியின் அக்கா. ஒரு பெரிய மருந்துக்கடையை நிர்வகிப்பவர். கலப்படமில்லாத வாய் உள்ளவர். அவர் வந்து, உட்கார்ந்து, பலகாரம் சாப்பிட்டு, வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, மிளகைத் தம்மோடு அழைத்துப் போவதா வேண்டாமா என்று அன்றைக்கே சொல்லிவிடப் போகிறார்.

மிளகு என்பது மனைவியின் முதல் மணத்தில் பிறந்த மகள். வயது ஒன்பது. ஆள் சிறிது, காரம் பெரிது என்று அவள் அம்மா வைத்த செல்லப்பெயர் அது. அவள் நடை பழகும் முன்பே தந்தையை இழந்தவள். அதன்பின் தாயும் மகளுமாக ஒற்றை அறை வீடு ஒன்றில் வாழ்ந்தார்கள். சென்ற ஆண்டு திருமணம் நடந்து இருவரும் இந்த ஐந்தாம் மாடி வீட்டுக்கு வந்தார்கள். இப்போது அம்மாவுக்கு இரண்டாவது பிரசவம் நெருங்குகிறது. இரத்த அழுத்தம் ஏறிப்போனதால், குழந்தை பிறக்கும்வரை கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று மருத்துவமனையிலேயே படுக்க வைத்துவிட்டார்கள். ஆக, வீட்டில் மிஞ்சியது மிளகும் அவரும்.

மிளகுக்கு அவரை எப்படி அழைப்பது என்று தெரியவில்லை. ஆகவே அவள் அழைப்பதே இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் அவர் முகம் தன் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து, பிறகு பேசுவாள். மற்றவர்களிடம் அவரைப் பற்றிச் சொல்ல நேர்ந்தால் "இவங்க" என்பாள். அப்பா என்று கூப்பிடச் சொல்லட்டுமா என்று மனைவி கேட்டபோது, வேண்டவே வேண்டாம், தானாக வந்தால் வரட்டும் என்று தடுத்தவர் அவர்தாம். ஆனால் வரவில்லையே என்று உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டிருந்தவரும் அவர்தாம்.

ஒரு யானைக் கதை உண்டு. கிளை ஒடிந்து தன் முதுகில் விழுந்த ஒரு குருவிக் கூட்டைக் காப்பாற்றுவது என்று அந்த யானை முடிவு செய்ததாம். அசைந்தால் கூடு சரியும் என்று அசையாமல் நின்றது. மூச்சு விட்டால் குஞ்சுகள் அஞ்சும் என்று மூச்சையும் அடக்கிக்கொண்டது. சில நாளில் குஞ்சுகள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டனவாம்: "இந்தப் பாறை ஏன் இவ்வளவு குளிராக இருக்கிறது?" லிஃப்ட்காரர் அந்த யானையின் உறவினர் என்றே சொல்ல வேண்டும். மனைவி மருத்துவமனைக்குப் போன மறுநாளே, வேலைத்தளத்தில் ஒட்டும் மஞ்சள் நாடாவைக் கொண்டுவந்து சமையலறைத் தரையின் குறுக்கே ஒட்டிவிட்டார். அடுப்பு எரியும்போது அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று மிளகிடம் சொன்னார். ஏன் என்று அவள் கேட்கவில்லை, அவர் விளக்கவுமில்லை. அன்றிலிருந்து அவள் கோட்டின் விளிம்பில் கால்விரல்களை வைத்து நின்று தட்டை வாங்கிக்கொண்டு போவாள்.

அண்ணி அழைத்துப்போகிற பேச்சு வியாழக்கிழமை தொடங்கியது. மனைவி தொலைபேசியில் சொன்னாள்: "அக்கா கொஞ்ச நாள் வெச்சிக்கிறேங்கறா. உங்களுக்கும் வேலை. குழந்தைக்கு இஷ்டம்னா போகட்டுங்க. நீங்க போன்னும் சொல்லாதீங்க, போகாதேன்னும் சொல்லாதீங்க. பாவம், அது மனசு ரெண்டு பக்கம் இழுபடும்."

அவர் கூடத்தில் நின்றபடி, "சரி, போகட்டும்" என்றார். கொஞ்ச நாள் என்று போகிறவள் திரும்பி வரும்போது விருந்தாளியாகத்தான் வருவாள் என்று அவருக்குத் தோன்றியது. இன்னும் வேர் பிடிக்காத செடியைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டுவிட்டுப் பழைய குழிக்குத் திரும்ப வா என்றால் வருமா?

மறுநாள், பெரியம்மாவுக்கு என்ன செய்யலாம் என்று மிளகிடம் கேட்டார். அவள் யோசித்துவிட்டு, "மாவுல தோய்ச்சுக் காய் பொரிச்சா பெரியம்மாவுக்குப் பிடிக்கும். மொறுமொறுன்னு இருக்கணும். எங்க வீட்ல அம்மா செய்வாங்க. தொட்டுக்க இஞ்சி போட்டுப் புளிப்பா ஒன்னு வெப்பாங்க" என்றாள்.

பல நாளாக அவள் அவரிடம் இவ்வளவு சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. அதில் "எங்க வீட்ல" என்ற சொல் மட்டும் முள்ளாகத் தைத்தது. நம் மொழி இந்த விஷயத்தில் மிகவும் கண்டிப்பானது. "நம்ம வீடு" என்றால் கேட்பவரையும் கைபிடித்து உள்ளே அழைத்துக்கொள்ளும். "எங்க வீடு" என்றால் கேட்பவரை வாசலிலேயே நிறுத்திவிடும். அவள் சொன்னது அந்த ஒற்றை அறை வீட்டை. அவர் நின்றது வாசலில்.

இருந்தாலும் அவர் அந்தப் பலகாரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சனிக்கிழமை காலை மனைவியை அழைத்துச் செய்முறை கேட்டார். அவள் வேகமாகச் சொல்லிக்கொண்டே போனாள். நடுவில் நர்ஸ் வந்து அழுத்தம் பார்க்கக் கையை நீட்டச் சொன்னார். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். மைதாவில் பாதி சோள மாவு, தண்ணீர் ஐஸாக இருக்க வேண்டும், எண்ணெய் புகையக் கூடாது என்றெல்லாம் சொல்லிவிட்டு, "கரைக்கும்போது கட்டி இருக்கட்டும், அதான் முக்கியம்" என்றாள். வேலையில் உத்தரவு வாங்கினால் திருப்பிச் சொல்லி உறுதி செய்வது அவர் பழக்கம். மாவில் கட்டி கிடக்கட்டும் என்று உலகத்தில் யாராவது சொல்வார்களா என்ற நினைப்பில், "கட்டியா இருக்கட்டும், சரி" என்று திருப்பிச் சொன்னார். இரைச்சலில் அவளும் ஆமாம் என்றாள். ஒரு எழுத்துதான் கூடிற்று. ஆனால் திருகாணி ஒரு சுற்றுக் கூடினாலும் கதவு மூடாது என்பது அவருக்குத் தெரியாததா?

ஆக, அவர் மாவைக் கட்டியாகக் கரைத்தார். ஒரு பொட்டுக் கட்டி இல்லாமல், கை கடுக்கும்வரை அடித்தார். கரண்டியைத் தூக்கினால் மாவு விழ மனமில்லாமல் தொங்கியது. அடுப்பைப் பற்ற வைக்குமுன் மிளகு எங்கே என்று பார்க்கக் கூடத்துக்குப் போனார்.

வாசற்கதவின் ஓரமாக அவளுடைய பை இருந்தது. புத்தகங்களை எடுத்துவிட்டு உடுப்புகளை அடைத்திருந்தாள். மேலே, வாய் மூடாத ஜிப்பின் வழியே அவளுடைய சிறிய தலையணை எட்டிப் பார்த்தது. அவள் பையின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, செருப்பின் வாரைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தாள்.

போகவேண்டும் என்று அவளுக்கே ஆசை என்று அவர் முடிவு செய்துகொண்டார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்து அடுப்பை ஏற்றினார்.

முதல் ஈடு எண்ணெயில் இறங்கியது. இறங்கியதும் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. சலசலப்பு வரவேண்டிய இடத்தில் ஏதோ முனகல் வந்தது. வெளியே எடுத்து வைத்தபோது ஒவ்வொரு துண்டும் தன் அளவைவிட இருமடங்கு பருத்திருந்தது. ஒன்றைக் கடித்தார். பல் மாவுக்குள் இறங்கிக்கொண்டே போயிற்று. உள்ளே கேரட் எங்கோ ஆழத்தில் பச்சையாகக் கிடந்தது. போதிய கட்டி இல்லை போலிருக்கிறது என்று நினைத்தவர், இன்னும் ஒரு கை மாவை அள்ளிப் போட்டார். பள்ளத்தில் விழுந்தவன் மண்வெட்டி கேட்ட கதைதான். இரண்டாவது ஈடு முதலாவதைவிட மோசம். கடிகாரத்தைப் பார்த்தார். நெற்றி வியர்வை புருவத்தில் இறங்கியது. மனைவியை அழைத்துக் கேட்கலாமா? அவள் பதறுவாள், அழுத்தம் ஏறும். கைப்பேசியை எடுத்தவர் மீண்டும் வைத்துவிட்டார்.

கோட்டின் விளிம்பில் கால்விரல்கள் தெரிந்தன.

மிளகு தட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி தட்டைப் பார்த்தாள். "எல்லாம் குளிருக்குப் போர்வை போத்திக்கிட்டு இருக்கு" என்றாள்.

அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அம்மா சொன்னபடி கட்டியாகத்தான் கரைத்தேன் என்று முறையிட்டார்.

"கட்டியா இல்ல. கட்டி இருக்கணும். கட்டி கட்டியா, கரையாம. எங்க வீட்ல அம்மா நாலே சுத்து சுத்திட்டு விட்டுருவாங்க."

அவர் சட்டி நிறைய இருந்த வழவழப்பான மாவைப் பார்த்தார். தாம் கை கடுக்கக் கெடுத்த வேலையின் முழு அழகும் அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. மைதா டப்பாவை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். இன்னும் ஒரே ஒரு முறை கரைக்கப் போதுமானது இருந்தது. இதையும் கெடுத்தால், வரப்போகிற அண்ணிக்குப் போர்வைதான்.

"எனக்குக் கை நிக்காது. நீ கலக்குறியா?" என்று கேட்டார்.

அவள் கோட்டைப் பார்த்தாள். அவர் உடனே அடுப்பை அணைத்தார். எண்ணெய்ச் சட்டியைப் பின்னுக்குத் தள்ளினார். அது தள்ளப்பட்டதா என்று இன்னொரு முறை தொட்டுப் பார்த்தார். பிறகு, வழி விடுகிறவர் போல ஒதுங்கி நின்றார். மிளகு கோட்டைத் தாண்டி உள்ளே வந்தாள்.

நின்று கலக்க மேடை அவளுக்கு உயரமாக இருந்தது. அவர் மிச்ச மாவையும் ஐஸ் தண்ணீரையும் வேறொரு பாத்திரத்தில் கொட்டித் தாழ்த்திப் பிடித்துக்கொண்டார். அவள் முட்கரண்டியால் சுற்றினாள். ஒன்று, இரண்டு. மாவு திட்டுத் திட்டாக மிதந்தது. உலர்ந்த பொடி ஓரங்களில் ஒட்டிக் கிடந்தது. அதைப் பார்க்க அவருக்கு உடம்பெல்லாம் அரித்தது. தம்மையறியாமல் ஒரு விரலை நீட்டி ஒரு கட்டியை நசுக்கப் போனார்.

"வேணாம்னு சொல்றேன்ல" என்றாள் மிளகு.

அவர் விரலை எடுத்துக்கொண்டார். அவள் அவரை அதட்டியது அதுதான் முதல் தடவை. வேலைத்தளத்தில் மேலாளர் அதட்டினால் முகம் சுண்டிப்போகிற மனிதர், இந்த அதட்டலைப் பத்திரமாக உள்ளே வாங்கி வைத்துக்கொண்டார்.

அதற்குள் படிக்கட்டில் யாரோ இரைக்க இரைக்க ஏறி வரும் ஓசை கேட்டது. அந்தக் கட்டடத்து லிஃப்ட் ஒரு வாரமாக ஓடவில்லை. அது வேறு நிறுவனத்தின் பொறுப்பில் இருந்ததால், அதில் கை வைக்க அவருக்கு அனுமதி இல்லை. செருப்போசை நின்று நின்று மேலே வந்தது. நான்கு மணிக்கு வரவேண்டியவர் முன்னதாகவே வந்துவிட்டார். மிளகு சட்டென்று கோட்டுக்கு அப்பால் போய் நின்றுகொண்டாள். அவர் அடுப்பைப் பற்றவைத்தார். தொட்டுக்கொள்ளும் சாறு இன்னும் கலக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வினிகர், சோயா சாஸ், சர்க்கரை, துருவிய இஞ்சி எல்லாம் தனித்தனியாக, ஒன்றையொன்று அறியாதவர்கள் போல மேடையில் நின்றன. அவற்றை ஒரு கிண்ணத்தில் கொட்டிக் கோட்டுக்கு மேலாக நீட்டினார். மிளகு வாங்கி, அங்கேயே நின்று கலக்கத் தொடங்கினாள்.

கதவு திறந்துதான் இருந்தது. அண்ணி உள்ளே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட்டுறீங்க தம்பி. வீட்டுக்கு வந்தவளுக்கு மட்டும் படிக்கட்டா? வாத்தியார் வீட்டுப் பிள்ளை மக்குங்கற கதையா இருக்கு."

அவர் எண்ணெயை விட்டு நகர முடியாமல் அங்கிருந்தே வரவேற்றார். முதல் துண்டை மாவில் தோய்த்து எண்ணெயில் விட்டார். அது ஒரு கணம் மூழ்கி, உடனே மேலே வந்து, மழைத்தூறல் போலச் சலசலத்தது. கட்டிகள் எண்ணெயில் பட்டுப் பூவாய்ச் சிதறி அதன் மேலேயே ஒட்டிக்கொண்டன. ஆனால் அந்த அழகைப் பார்க்க அவருக்கு அவகாசமில்லை. அவர் காதெல்லாம் கூடத்தில் இருந்தது. அண்ணி தண்ணீர் குடித்தார். செருப்பைக் கழற்றி வைக்கக் கதவோரம் போனார். அங்கே காலடி நின்றது. பையைப் பார்த்துவிட்டார் என்று அவருக்குப் புரிந்தது.

பிறகு அண்ணியின் காலடி நேராகச் சமையலறையை நோக்கி வந்தது. மருந்துக்கடையில் ஒவ்வொரு அலமாரியையும் தாமே திறந்து பார்க்கிறவர். அடுப்படியைப் பார்க்காமல் விடுவாரா? வாசலில் நின்று தரையைப் பார்த்தார்.

"இது என்ன, என் தங்கச்சி வீட்டு அடுப்படியா, ரோடு போடுற இடமா?" என்று கேட்டுக்கொண்டே கோட்டின்மேல் காலை எடுத்து வைத்தார்.

மிளகு கிண்ணத்தோடு குறுக்கே வந்து நின்றாள்.

"இந்தப் பக்கமே நில்லுங்க பெரியம்மா. எங்க வீட்ல அடுப்பு எரியும்போது இதைத் தாண்டக் கூடாது."

லிஃப்ட்காரர் கையிலிருந்த கரண்டி எண்ணெய்க்கு மேலே அப்படியே நின்றது. அவள் சொன்னது தம்மிடம் இல்லை. சொன்ன வீடும் அந்த ஒற்றை அறை வீடு இல்லை. அதே சொல்தான், ஆனால் இந்த முறை வாசலில் நின்றவர் வேறு ஒருவர். திரும்பிப் பார்த்தால் அது கலைந்துவிடுமோ என்று அஞ்சி, அவர் பூசணித் துண்டையே வெறித்துக்கொண்டிருந்தார். அது பொன்னிறத்தைத் தாண்டப் போனபோதுதான் சுயநினைவு வந்து எடுத்தார்.

அண்ணி காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மிளகை ஒரு பார்வை, அடுப்படியில் நின்ற முதுகை ஒரு பார்வை.

"எங்க வீடா?" என்றார். "அப்ப வாசல்ல பை கட்டி இருக்கே, அது யாரோடது? அடுத்த வீட்டுக்காரங்களோடதா?"

மிளகு கிண்ணத்துக்குள் பார்த்தபடி நின்றாள். இஞ்சித் துருவல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. "போகட்டும்னு சொன்னாங்க" என்றாள்.

"யாரு?"

அவள் பெயர் சொல்லவில்லை, உறவும் சொல்லவில்லை. முகவாயை மட்டும் அடுப்பின் பக்கம் நீட்டினாள். "வியாழக்கிழமை, போன்ல."

அவர் அடுப்பை அணைத்தார். அவ்வளவு பதற்றத்திலும் அணைத்துவிட்டுத்தான் திரும்பினார். போகச் சொல்லாதே, போகாதே என்றும் சொல்லாதே என்று மனைவி சொன்னதை அவர் எழுத்துப் பிசகாமல் காத்திருந்தார். இப்போது அதைக் காப்பதா, உடைப்பதா? கடைசியில், கம்பி அறுந்தது போல, எல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

"உன் மனசை யாரும் இழுக்கக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க. அதுக்குத்தான் சரின்னேன். எனக்கு நீ போறது பிடிக்கலம்மா. நீ கதவைப் படார்னு சாத்துற சத்தம் இல்லாம இந்த வீட்ல எனக்கு இருக்கத் தெரியாது."

"நான் ஒன்னும் படார்னு சாத்தல" என்றாள் மிளகு.

"சாத்துவ, சாத்துவ" என்றார் அண்ணி. "உங்க அம்மாவும் அப்படித்தான். எங்க அப்பா ரெண்டு கீல் மாத்தினாரு."

சொல்லிவிட்டு அவர் கையை நீட்டினார். கோட்டைத் தாண்டாமல், கையை மட்டும். லிஃப்ட்காரர் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணி ஒரு கேரட்டை எடுத்து, மிளகின் கையிலிருந்த கிண்ணத்தில் தோய்த்துக் கடித்தார். கறுக்கென்ற சத்தம் கூடம் வரை போயிற்று. மென்றார். இன்னொன்றை எடுத்தார். அவர் தீர்ப்பு சொல்வதற்காக இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். நிற்பதில் இருவருக்கும் ஒரே சாயல் என்பதை அண்ணி அப்போது கவனித்திருக்க வேண்டும்.

"இஞ்சி தூக்கல்" என்றார். பிறகு வெங்காயத்தை எடுத்தார். அதன்பின், தாம் மூட்டை தூக்க வந்தவர் இல்லை என்றும், குழந்தை இங்கே வாடிக் கிடக்கிறதோ என்று பார்க்கத்தான் வந்ததாகவும், அதட்டல் போடத் தெம்புள்ள குழந்தை எங்கும் வாடவில்லை என்றும் மென்றுகொண்டே சொன்னார். இந்த வயதில் ஐந்து மாடியை ஒரே நாளில் இரண்டு முறை பார்க்கத் தம்மால் ஆகாது. ஆகவே இரவு இங்கேயே தங்கி, காலையில் மூவருமாக மருத்துவமனைக்குப் போகலாம் என்றார்.

"எனக்கு ஒரு போர்வை மட்டும் குடுத்துருங்க" என்றார்.

மிளகு ஓரமாய் ஒதுக்கி வைத்திருந்த முதல் ஈட்டுத் தட்டைக் காட்டினாள். "அங்க நிறைய இருக்கு பெரியம்மா. தடிமனாவே இருக்கு."

அண்ணி அந்தத் தட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் புரையேறியது. லிஃப்ட்காரருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பாதியில் நின்றது. மனைவியின் அழுத்தம் இறங்கிற்றா என்று கேட்க வேண்டும். பிரசவம் நல்லபடியாக முடிய வேண்டும். அஞ்சுகிறவனுக்கு ஒரு கவலை இறங்கினால் அடுத்த கவலை ஏறுவதற்கு இடம் காலியாகிறது, அவ்வளவுதான்.

அண்ணி தட்டோடு கூடத்துக்குப் போனார். மிளகு கதவோரம் போய்ப் பையிலிருந்து தலையணையை உருவி எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போனாள். கதவு படாரென்று சாத்திக்கொண்டது. கூடத்திலிருந்து அண்ணி, "சொன்னேனா இல்லையா" என்று யாருக்கோ சொன்னார்.

மிச்சக் காய்களுக்காக அவர் மறுபடியும் அடுப்பைப் பற்றவைக்கப் போகையில், கோட்டின் விளிம்பில் கால்விரல்கள் வந்து நின்றன. இந்த முறை அவர் முகம் திரும்பும்வரை அவள் காத்திருக்கவில்லை.

"நம்ம கோடு ரொம்பத் தள்ளி இருக்கு. இங்கிருந்து மாவு எட்டல. கொஞ்சம் உள்ள தள்ளி ஒட்டுங்க."

அவர் நாடாவை எடுக்கப் போனார். தரையில் மண்டியிட்டு, பழைய கோட்டை நகத்தால் நெம்பி, கிழியாமல் மெல்ல உரித்தார். பிறகு அடுப்பிலிருந்து எண்ணெய் எவ்வளவு தூரம் தெறிக்கும் என்று கண்ணாலேயே அளந்தார். அளந்ததில் திருப்தியில்லாமல் இன்னொரு முறை அளந்தார்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள் அவள்.

"இதுக்கு மேல முடியாது" என்றார் அவர்.

"ஒரு விரக்கடை."

அவர் ஒரு விரற்கடை தள்ளி ஒட்டினார்.